இருநூற்றுப் பதினான்காம் வரி

தீம் என்ற சொல்லோடு
இரண்டாம் வேற்றுமை சேர்ந்தால்
தீமை.
அதை நான் நிறுவியது
இரவு பத்தே காலுக்கு, காவேரிப்பட்டணத்தில்.

திம்மராயன் மாங்கூழ் ஆலையின் இணையதளம்
வெள்ளையாகிவிட்டது.
பெங்களூரா இல்லை, செந்தூரா இல்லை,
டின் அளவு, விலை,
போன் நம்பர்கூட இல்லை.
உலகம் முழுவதற்குமாய்
கழுவித் துடைத்து வைத்த ஒரு தட்டு.

அவர்தான் கேட்டார், பொன் நிறத்தில் வேண்டுமென்று.
மருமகன் அனுப்பியிருந்தார். இலவசமாம்.
காலை எட்டு மணிக்கு மஸ்கட்காரர் பார்ப்பார்.
"எட்டுக்குள்ள வந்துடுமில்லம்மா?"
நாலு முறை போன்.

கேஷைத் துடைத்தேன். வெள்ளை.
நினைவகத்தைக் கூட்டினேன். வெள்ளை.
பிளகின்கள் இருந்த கோப்புறையின்
பெயரை மாற்றியதும் பக்கம் கண் விழித்தது.
பிறகு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன்,
ஒன்றாம் வகுப்பில் வருகை எடுப்பதுபோல.
படிவம்? உள்ளேன்.
கேலரி? உள்ளேன்.
ஒன்பதாவதில் மறுபடி
அந்த வெள்ளை இருட்டு.

ஒன்பதாவது நான் எழுதியது.
மூன்று வருடத்துக்கு முன், விலைப்பட்டியலுக்காக,
கொஞ்சம் பெருமையோடு.

அப்புறம்தான் பிழைப் பதிவைத் திறந்தேன்.
முதலிலேயே திறந்திருக்க வேண்டும்.
எப்போதும் இப்படித்தான்,
எல்லாக் கதவையும் தட்டிவிட்டு
சாவி இருக்கும் பைக்குக் கடைசியில் வருவது.

வரி இருநூற்றுப் பதினான்கு:
இந்தப் பெயர் ஏற்கெனவே சூட்டப்பட்டிருக்கிறது.

ஷோ ப்ரைஸ்.
எங்கோ ஒருவர், என்னைப்போலவே
தூக்கம் வந்த நேரத்தில்
முதலில் தோன்றிய பெயரை வைத்திருக்கிறார்.
கோபம் வரவில்லை.
விலையைக் காட்டுவதற்கு வேறென்னதான் பெயர் வைப்பது?

ஆலையில் கோவிந்தம்மாள் இரண்டு பேர்.
போன சீசனில் ஒருத்தியின் வாரக்கூலி
இன்னொருத்தி கைக்குப் போய்
கொட்டை பிரிக்கும் மேசை அரை நாள் நின்றது.
சூப்பர்வைசர் நவாஸ்
கூலிப் புத்தகத்தில் சிவப்புப் பேனாவால் எழுதினார்:
கல்லாவி கோவிந்தம்மாள்.
மத்தூர் கோவிந்தம்மாள்.
அதோடு தீர்ந்தது.
அந்தச் சண்டை மட்டும்.

நானும் ஊரைச் சேர்த்தேன் பெயருக்கு முன்னால்,
மூன்று எழுத்தாய்ச் சுருக்கி,
ஒரு கீழ்க்கோடு இட்டு.
ஐந்து இடத்தில் மாற்ற வேண்டும்.
நான்கில் மாற்றினேன்.
ஐந்தாவதைத் தேட இன்னொரு முக்கால் மணி நேரம்.

இரண்டு நாற்பது.
சுங்கச்சாவடிப் பக்கம் போகும் லாரிகளில்
தார்ப்பாய்க்கு அடியில் பழம் விடும் மூச்சு
ஜன்னல்வரை வந்தது.
பக்கமும் வந்தது.
பொன் என்று சொல்ல முடியாது,
காமாலைக் கண்ணின் மஞ்சள்.
முகப்பு மாம்பழம் இடதுபுறம் சாய்ந்திருந்தது.

லிங்க் அனுப்பினேன்.
அவரும் தூங்கவில்லை போலும்,
உடனே இரண்டு நீலக் குறிகள்.

"நல்லாருக்கும்மா.
அந்தப் பழைய பச்சையே
இருந்திருக்கலாமோ?"