காற்றுதான் என்றார்கள்

புந்தா அரேனாஸிலிருந்து ஜலசந்தி தாண்டி
போர்வெனீர் துறையில் இறங்கியதும்
தொப்பியைப் பறிகொடுத்தேன்.
துரத்திப் பயனில்லை என்று
கயிறு சுற்றிக்கொண்டிருந்தவன் கையசைத்தான்.

நண்டு ஆலை அலுவலகத்தில் ஐந்து மேசை, ஐந்து கணினி.
மூலையில் பழைய துண்டு போர்த்திய பெட்டிக்குள்
ஐவரும் திறந்து எழுதும் ஒரே தரவுத்தளம்.

வாரத்தில் ஏழு முறை அறுந்துவிட்டது,
காற்றுதான் என்றார் மேலாளர் மிமிகா.
காற்று என்றார் கணக்கர் எர்வின் பாரியா, தலை நிமிராமல்.
கூரைத் தகரம் கழன்றாலும்
ரொட்டி மாவு பொங்காவிட்டாலும்
மனைவி பேசாமல் இருந்தாலும்
இந்த ஊரில் குற்றவாளி ஒருவன்தான்.

சிரித்துவைத்தேன்.
சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பியைக்
காற்று எப்படித் தொடும்?

கோப்பில் பாதியில் நின்ற வரிகள்.
படகு: எர்மிந்தா. தேதி இருந்தது.
எடைக்கான கட்டத்தில் மட்டும்
எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள்.

கேபிளை மாற்றினேன்.
சுவிட்சில் வேறு துளையில் செருகினேன்.
நாற்காலிச் சக்கரம் ஏறி நசுங்கிய இடம் ஒன்று கிடைத்தது.
அகப்பட்டாயா என்று வெட்டி இணைத்தேன்.
மறுநாள் காலை பத்து இருபதுக்கு
மறுபடி அறுந்தது.

அன்று இரவெல்லாம் பிங் ஓடியது.
இருக்கிறாயா? இருக்கிறேன்.
இருக்கிறாயா? இருக்கிறேன்.
முப்பதாயிரம் கேள்வி, முப்பதாயிரம் பதில்.
ஒன்றுகூடத் தவறவில்லை.
இவ்வளவு கேட்டால் நான் எரிந்து விழுந்திருப்பேன்.

அறுந்த நேரங்களைத் தாளில் எழுதிப் பார்த்தேன்.
எட்டும் ஒரே மேசை.
ஜன்னலோரம், யொபானா மான்சீயா.

என்னையா சொல்கிறீர்கள் என்றாள்.
உங்கள் கணினியை என்றேன்.
இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுபோல் பார்த்தாள்.
அவள் உள்ளங்கையில் நீல மை.

மூன்றாம் நாள் அவளுக்குப் பின்னால்
முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.
படகு, தேதி, பெட்டி, எடை.
அரிசியில் கல் பொறுக்கும் வேகம் விரல்களுக்கு.

பிறகு ஜன்னல் சட்டம் அதிரத் தொடங்கியது.
ஜலசந்தி வெள்ளையாகப் புரண்டது.
ரேடியோவின் குமிழைத் திருகினாள்.
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து
மடியில் வைத்தாள்.

எர்மிந்தா, எர்மிந்தா, போர்வெனீர் பேசுகிறது.
இரைச்சல்.
எர்மிந்தா, போர்வெனீர்.
எர்வின் கால்குலேட்டரை நிறுத்தினார்.
தேநீர் கொண்டுவந்தவன்
தட்டோடு கதவருகிலேயே நின்றான்.

பதினாறாம் நிமிடம்
அவள் திரையில் மஞ்சள் முக்கோணம்.
என்னைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை.

யாரோ எப்போதோ
அந்த மூலைப் பெட்டிக்குச் சொல்லிவைத்த விதி:
பதினைந்து நிமிடம் பேசாதவர் போய்விட்டார்.
தொடர்பை அறு.

இருபத்து மூன்றாம் நிமிடம் ரேடியோ இருமியது.
போர்வெனீர், எர்மிந்தா.
இயந்திரத்தில் தண்ணீர், மெதுவாக வருகிறோம்.
நூற்று நாற்பது பெட்டி.
பெட்டி கிடக்கட்டும், ஆள் எத்தனை என்றாள்.
நாலு. நாலு பேரும்.

திரும்பித் தட்டினாள். திரை ஏற்கவில்லை.
பேனாவை எடுத்து
உள்ளங்கையில் 140 என்று எழுதிக்கொண்டாள்,
பழகிப்போனவளாக.

ஒரே ஒரு எண்ணை மாற்றினேன்.
தேநீர் ஆறுவதற்குள் முடிந்த வேலை.

ரசீதில் கோளாறின் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
காத்திருப்பு நேர அமைப்பு என்று எழுதினேன்.
அடித்தேன்.
காற்று என்று எழுதினேன்.

மிமிகா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.
இதை முதல் நாளே சொன்னேனே,
இதற்கா மூன்று நாள் கூலி என்றார்.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு துறைக்குப் போனேன்.
மாலை ஃபெர்ரி இல்லை என்று
பலகை மாட்டியிருந்தது.
காரணம் கேட்கவில்லை.