மரைக்குப் போகிற வழி

சிகரெட் பெட்டியைக் கிழித்து
உட்பக்கத்தில் கீறிக் காட்டினான் றம்ஸீன்:
இது அல்லைக் கந்தளாய் றோட்டு,
இது பால் சேர்க்கிற கொட்டில்,
இதுக்குப் பிறகு கோடு தேவையில்லை,
மோட்டார் சைக்கிள் தன்பாட்டில் நிற்கும்.

நின்றது.
யானை வேலிக் கம்பி டிக் டிக்கென்று
எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.
வன இலாகா நட்ட கல்லில்
வெற்றிலை போட்ட யாரோ
சுண்ணாம்பு விரலைத் துடைத்திருந்தார்கள்.

நல்லகுட்டி சொன்னார்:
றோட்டுக் கரை மடுவில் மான் குடிக்கும்,
பன்றி குடிக்கும், பொலிஸும் குடிக்கும்.
மரை குடிக்காது.
மரை வேணுமெண்டால்
றோட்டு உன்னைக் கைவிட வேணும்.

முதல் வழி ஒரு நாடாவில் முடிந்தது.
மண்டையோட்டுப் பலகை, மழையில் பல் உதிர்ந்து.
வெடியெல்லாம் எடுத்தாச்சாம்.
எடுத்தாச்சென்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.
திரும்பினோம்.
இரண்டாவது வாய்க்கால் கட்டு,
மூன்றாம் கதவோடு முழங்கால் சேறு.
மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தது என் மூத்திரம்:
ஒதுங்கிய இடத்தில், காலுக்குக் கீழே,
கல் அடுக்கிய சின்ன மதகு.
இரண்டு பக்கமும் வீரை, உலுவிந்தை, ஈச்சம்பற்றை.
நடுவில் ஒரு வண்டில் அகலத்துக்கு
நிலவு.

முப்பது வருஷம் வண்டில் போகாத பாதை
மூடியிருக்க வேண்டும்.
மூடவில்லை.
டோர்ச்சைக் கையால் பொத்தி
விரலிடுக்கு வெளிச்சத்தில் குனிந்தேன்.
குளம்படி.
குளம்படிக்குள் பழைய குளம்படி.
முளைத்த கன்றெல்லாம் நுனி கடிபட்டு.
நாங்கள் விட்டுவிட்டு ஓடிய றோட்டை
ஒவ்வொரு இரவும் நடந்து நடந்து
திறந்து வைத்திருக்கின்றன.

அது போய் முடிந்த இடத்தில்
தூர்ந்த கிணறு இரண்டு,
கூரையில்லாத பள்ளிக்கூடத்தின் சிமெந்துத் தரை,
உப்புப் பூத்த ஒரு மூலை.
அந்த மூலையை நக்கிக்கொண்டு நின்றது.
கலை. கொம்பில் ஒரு கொடி தொங்கியது.
காற்று எங்கள் முகத்தில்.
முப்பது யாரும் வராது.

நல்லகுட்டி கட்டுத்துவக்கை உயர்த்தினார்.
உயர்த்தியபடியே என் காதுக்குள் கேட்டார்:
"விழுத்தினால் எதால கொண்டு போறது?"

கணக்குப் பார்த்தோம்.
நாலு அந்தர் இறைச்சி.
ரெண்டு மனிசர், அதில் ஒருத்தருக்கு நாரிப்பிடிப்பு.
சேறு. கம்பி. விடியமுன் கொட்டிலடியில்
பால்காரர் சேர்ந்துவிடுவார்கள்.
கூட்டி முடியவில்லை,
தகரத்தில் அடித்தது போல ஒரு குரல்.
பிறகு தரை மட்டும்,
நனைந்த மூலையோடு.

கடையில் றம்ஸீன் கேட்டான்:
"இடம் சரிதானே?"
கோடு பிழை என்றேன்.
பெட்டி மட்டையை வாங்கி
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்,
ஒன்றுமே இல்லாத இடத்தில்,
அழுத்தி ஒரு புள்ளடி போட்டேன்.

பிளேன்ரீயை ஊதிக்கொண்டு
எட்டிப் பார்த்த நல்லகுட்டி
"ஓம், அதுதான்" என்றார்.