சேதாரம்

நகெட் அவென்யூ, ஸ்காபரோ.
தெருவுக்குப் பொன்கட்டி என்று பெயர் வைத்தவன்
ஜனவரியில் இங்கே பஸ்ஸுக்கு நின்றிருக்க மாட்டான்.

ஆறே முக்காலுக்குச் சாப்பாட்டறையில் இருத்தினார்கள்.
டோனட் இரண்டு பெட்டி, ஒரு வெள்ளைப் பலகை.
லீன் என்பதை என் போன்
மெலிந்த உற்பத்தி என்று பெயர்த்தது,
ஏதோ தொழிற்சாலை விரதம் பிடிக்கிற மாதிரி.

குவெல்ஃபிலிருந்து வந்த டிரெவர் எழுதினான்:
காத்திருப்பது வீண். நடப்பது வீண்.
சாமானை இடம் மாற்றி மாற்றிச் சுமப்பது வீண்.
ஏழாவதில் பேனா காய்ந்துபோனது.
மூடாமல் வைத்தது யாரென்று மாரிவிக் கேட்க
அவனும் சேர்ந்து சிரித்தான்.

உங்கள் பாஷைகளில் இதற்கு என்ன சொல்?
ஹர்ஜிந்தர் ஒன்று சொன்னார், மாரிவிக் ஒன்று.
எனக்கு வீண், விரயம், நட்டம் எல்லாம் முண்டியடித்து
வாயில் வந்ததென்னவோ சேதாரம்.
அது தட்டான் கணக்கு என்றேன்.
உருக்கையில், அராவுகையில் பறந்துபோகிற பொன்.
கண்ணால் காணாத அந்தத் தூளுக்கும்
வாங்குகிறவள் காசு கட்ட வேண்டும்.
"உங்கள் தட்டானுக்கு என்னைப் பிடிக்காது" என்றான்.
கெட்டிக்காரன்தான்.

பிறகு லைனுக்கு வந்தான்,
கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் தளத்தின் வரைபடம்.
ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கைப்பிடி பூட்டுகிற நான்
போன இடமெல்லாம் அவன் சிவப்புப் பென்சிலும் வந்தது.
மத்தியானம் காட்டினான்:
பூனை உருட்டிய நூல்பந்து, என் காலைப்பொழுது.
ஒரேயொரு கோடு தனியே பிரிந்து
லொறிக் கதவுவரை போய்த் திரும்பியிருந்தது,
நாலு தரம்.
"இது எதற்கு?"

கதவு உயரும்போது பனி கொட்டுகிறதா என்று பார்ப்பேன்.
மகன் நானூற்றொன்றில் லொறி ஓட்டுகிறான்.

"நட்டு எடுக்க" என்றேன்.
"நட்டு உங்கள் மேசையிலேயே இருக்கிறதே."
எழுதிக்கொண்டான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று கேட்டு வளர்ந்தவள் நான்,
அளவுக்குக் கோபிக்க ஏலாது.

திடீரென்று பென்சில் நின்றது.
என் வலது கையையே பார்த்தான்.
வாசர் பெட்டி மேல்தட்டில், தலைக்கு மேலே.
"அங்கே வைத்தது யார்?"
நான் வரும்போதே அங்கேதான்.
"எப்போது வந்தீர்கள்?"
பதினொரு வருசம்.

இறக்கி என் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தான்.
இரண்டு ஸ்குரூ, கால் மணித்தியாலம்.
நாளுக்கு முந்நூற்று நாற்பது கைப்பிடி.
பஸ்ஸில் கணக்குப் போட்டேன்,
ஒன்பது லட்சம் தரம் கை தூக்கியிருக்கிறேன்.
நல்லூர்க் கந்தனுக்குக்கூட அவ்வளவு தூக்கவில்லை.
ஃபிசியோவின் பற்றுச்சீட்டுகள் லாச்சி நிறைய.
அவன் கையைப் பிடித்துக் கும்பிடவும் தோன்றியது,
அந்தத் தட்டைப் பிடுங்கி எறியவும்.
"தாங்க்ஸ்" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

அடுத்த திங்கள் பலகையில்
முந்நூற்று நாற்பது அழிந்து
முந்நூற்று அறுபது.
இறங்கியது பெட்டிதான்.
என் தோளின் சேதாரத்தை
யாரும் எந்தப் பற்றிலும் எழுதவில்லை.

யோசனைப் படிவம் மஞ்சள் நிறம்.
எந்த வகை வீண்? என்று கேட்டது.
எழுதினேன்:
நட்டு லொறியில் வருகிறது. கதவடியில் இறங்குகிறது.
ஹர்ஜிந்தர் நாற்பது எட்டு சுமந்து என் மேசைக்குக் கொண்டுவருகிறார்.
அது இரட்டைச் சுமை.
பெட்டி கதவடியிலேயே இருக்கட்டும்,
தேவைக்கு நான் போய் அள்ளுகிறேன்.

டிரெவர் வாசித்தான். வரைபடத்தை எடுத்தான்.
அந்தத் தனிக்கோட்டில் விரலை வைத்து
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான்.
கையெழுத்து வைத்தான்.

இன்று வியாழன். நட்டு அள்ளுகிறேன்.
கதவு உயர்கிறது.
பனி இல்லை. றோட்டு கறுப்பாய்
ஈரமாய்க் கிடக்கிறது.