சாட்சிக் கண்ணாடி

தங்கச்சிமடம் தென்கரையில்
பிரகாசி வீட்டுத் தரை
வாசலில் பிளந்து அடுப்படி வரை போயிருந்தது.
"யார் போட்ட கான்கிரீட்?" என்றேன்.
"போட்டவன் செத்துட்டான். நீ டைல்ஸ ஒட்டு."

உளி நுனியால் கிளறினேன்.
சிப்பித் துண்டுகள், முழுசாய் ஒரு சோழி.
கடல் மணலைக் கழுவாமல் கலந்திருக்கிறார்கள்.
விரலை நக்கினேன்: முப்பது வருஷத்து உப்பு.

ஓடி முடித்த விரிசல் உண்டு,
இன்னும் ஓடிக்கொண்டிருப்பது உண்டு.
பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான்.
மூன்று இடத்தில் குறுக்கே
கண்ணாடிச் சில்லு வைத்து
இரு முனையும் சிமெண்டால் பூசினேன்.
"இருவது நாள் மிதிக்காதீங்கக்கா.
ஒடஞ்சா, அதுக்கு உசிரு இருக்குன்னு அர்த்தம்."

"அடுத்த மாசம் பொண்ணு பாக்க வர்றாங்க,
இவரு கண்ணாடி வச்சுப் பாக்குறாரு" என்றபடி
சில்லுக்கு ஒன்றாய்
நண்டுக் கூடைகளைக் கவிழ்த்து மூடினாள்.

மண்டபத்தில் ஒரு லாட்ஜின்
ஆறு குளியலறைகளை முடித்துத் திரும்பினேன்.
அடுப்படிச் சில்லு முழுசு.
நடுவில் இருந்ததும் முழுசு.
வாசலில், கடல் பக்கத்துச் சில்லு மட்டும்
மயிரிழையாய் இரண்டாகியிருந்தது.
"பய மிதிச்சிருப்பான்" என்றாள்.
கூடை நசுங்கவில்லை.
இருவரும் பார்த்தோம், பேசவில்லை.

பிரகாசிக்கு நண்டு கம்பெனியில் வேலை.
அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்க வேண்டும்,
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
நான் ஒட்டி வைத்த வரிசைகளை
விடியுமுன் குந்தி உட்கார்ந்து
நகத்தால் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள்.
ஐந்தாம் வரிசை, மூன்றாவது டைல்ஸில்
சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி.
"இது பௌர்ணமி நண்டு, தம்பி.
உள்ள ஒண்ணுமில்ல."

நானும் தட்டினேன். இருபத்திரண்டு வருஷக் காது.
எனக்கு நல்லதாகத்தான் கேட்டது.
பெயர்த்தால்,
கலவை பிடிக்காமல் உள்ளங்கை அளவு காற்று.
அவள் அதற்குள் குளிக்கப் போய்விட்டாள்.

வாசல் பக்கம்
விரிசலுக்கு நேர் மேலே டைல்ஸை அறுத்து
அரை விரல் இடம் விட்டேன்.
அதில் சிமெண்ட் இல்லை, அமுங்குகிற சிலிகான்.
"விசேஷ வீட்ல இதென்னடா வாய்க்கா?"
"அது அசைஞ்சுக்கட்டும்கா."
மறுநாள் விரலால் அமுக்கினாள். எடுத்ததும் எழும்பியது.
இன்னொரு தடவை அமுக்கினாள்.
"சரி. அவுங்க வர்ற அன்னைக்கு
மேல பாயப் போட்டுக்கிறேன்."

கூலியில் எண்ணூறு குறைந்தது.
ஈடாக, ஐஸ் போட்ட பையில் நண்டுச் சதை.
"கம்பெனி ஆளு யாரும் கேட்டா
என் பேரச் சொல்லாத."

மடியில் பை சொட்டச் சொட்ட
சாயல்குடிக்குப் போகிற வழி.
பாம்பன் பாலத்தில்
இடைவெளிக்கு இடைவெளி
பஸ் சக்கரம் டக் என்றது.
இவ்வளவு நாள் கேட்டதில்லை.
எண்ணத் தொடங்கினேன்,
முப்பதுக்குமேல்
தூங்கிவிட்டேன்.