கண்ணாடி மணி

கோடியாக் தீவில் அக்டோபர் மழை நேராக விழுவதில்லை,
பக்கவாட்டில் நுழைகிறது.
காரேஜ் கதவடியில் கிழிந்த ஈரக்கோட்டு ஒன்றைத் திணித்துவிட்டு
கம்ப்ரஸரைப் போடுகிறேன்.
எஃபிம் வீட்டு நாய்
முதல் உறுமலுக்கு மட்டும் குரைக்கும்,
பிறகு அலுத்துப்போய்ப் படுத்துவிடும்.

மத்ரோனா லிண்டின் ரிவால்வர்.
பத்தொன்பது வருடம்
மழைக்கோட்டுக்கு மேல், மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு
கரடி பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் நடந்திருக்கிறாள்.
சுட்டுத் தேய்ந்ததல்ல.
உறைக்குள் போய் வந்து, போய் வந்து
தோலும் மணலும் தின்றது.
குழல் முனையில் மட்டும் அசட்டுப் பளபளப்பு,
உட்கார்ந்தே மினுங்கிப்போன கால்சட்டையின் பின்புறம் மாதிரி.
எவர்சில்வர்தான். ஆனாலும் உப்புக்காற்று
விடாக்கண்டன் கடன்காரன்,
திருகின் காடியில் பழுப்பாய் ஒரு புள்ளி வைத்துப் போயிருக்கிறது.

உருளையைத் திறந்து ஆறு அறையும் காலி என்று பார்த்தேன்.
விரலை விட்டு இன்னொரு முறை பார்த்தேன்.
பிடியின் ரப்பரைக் கழற்றி,
திருகுகளை முட்டை அட்டையில் வரிசையாய்ப் போட்டு,
குழலுக்குக் கார்க், வரிசை எண்ணுக்கு டேப்,
தொழிற்சாலை முத்திரைக்கு இன்னும் கொஞ்சம் டேப்.
எண் அதன் பெயர். அதில் எனக்கு வேலையில்லை.

பெட்டி, பல் கட்டும் கடை ஒன்றை மூடியபோது வாங்கியது.
இந்தத் தீவில் பாதிப் பேரின் சிரிப்பு
இதற்குள்தான் மெருகு இழந்திருக்கும்.
அதன் ரப்பர்க் கைகளுக்குள் என் கைகளை நுழைத்தால்
வேறு யாரோ என் வேலையைச் செய்கிறார்கள்.
ஒரு சாண் தள்ளி, சாய்வாக,
ஓரிடத்தில் நிற்காமல்.
கடுகைவிடச் சின்னது, மாவைவிடக் கொஞ்சம் பெரியது
கண்ணாடி மணி;
லட்சக்கணக்கில் போய் மோதி
ஒன்றுகூட உள்ளே தங்காமல் திரும்புகிறது.
பார்க்கும் ஜன்னல் வருடக்கணக்காய் மணி பட்டுப் புகைந்து
பாதி நேரம் காதால்தான் வேலை:
டேப்பில் பட்டால் மொத்தென்று,
இரும்பில் பட்டால் உஸ்ஸென்று.

பளபளப்பு போனது. மயிர்க்கீறல்கள் போயின.
நீறு பூத்த நெருப்பின் நிறம்.
இடப்பக்கச் சட்டத்தில் ஒரு வடு மட்டும்
நிறம் மாறி, அப்படியே இருந்தது.
மணிக்கு அவ்வளவுதான் முடியும்,
பள்ளத்தைத் தூர்க்காது,
சுற்றியிருப்பதோடு ஒன்றாய்ச் சேர்த்து வைக்கும்.
அரம் போட்டால் போய்விடும்.
போன் செய்து கேட்டேன்.

"அதுவா?" என்றாள் மத்ரோனா.
"ஜூலையில், ஓடை முனையில், பெண் கரடி, பின்னால் இரண்டு குட்டி.
என்னோடு நெப்ராஸ்காவிலிருந்து நாலு பேர்.
தோட்டா ஆறும் சாப்பாட்டுப் பையில்,
பை படகின் மறுமுனையில்.
துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து
நங்கூரத்தில் அடித்தேன்,
கோயில் மணி மாதிரி, கை மரத்துப்போகும்வரை.
அதற்கே எரிச்சலாகிப் போய்விட்டது.
அந்த நாலு பேரும் அதை ஏதோ பழங்கால முறை என்று
இன்னும் ஊரில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்."

"சரி, அரம் போடவா?"

அவள் பக்கம் கெட்டில் கூவியது.
"எவ்வளவு அதிகம்?"
"இருபது டாலர்."
"கிடக்கட்டும் விடு."

கொதிநீரில் முக்கி, காற்றால் ஊதி,
திருகுத் துளை ஒவ்வொன்றிலும் ஊதி,
எண்ணெய் போட்டேன். மங்கிய இரும்பு
எண்ணெயைச் சோறு மாதிரி இழுத்தது.
சனிக்கிழமை வந்தாள். புகையில் வாட்டிய சால்மன் இரண்டு ஜாடி,
மீதி ரொக்கம்.
உருளையைத் திறந்து ஆறு ஓட்டை வழியாகவும்
என் டியூப்லைட்டைப் பார்த்தாள்.
வடுவின் மேல் கட்டைவிரலை வைத்து எடுத்தாள்,
ரேகை அப்படியே பதிந்தது.
சட்டைக் கையால் துடைத்தாள், இன்னும் பரவியது.
"இது என்ன, எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கிறதே?"
"எண்ணெய்த் துணியால் துடை" என்றேன்.

அவள் போனபின் தரையைப் பெருக்கினேன்.
பெருக்கியும் அடுத்த புதன்கிழமை
காபியோடு உள்ளே வந்தவன்
கண்ணுக்குத் தெரியாத நாலு மணியில் கால் வைத்து
கம்ப்ரஸரைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
எஃபிமின் நாய், ஒரே ஒருமுறை, குரைத்தது.