இருபத்தி நாலாவது கூடை

ஈஸ்டர் முடிந்து பத்தாம் நாள் கல்யாணம்.
ரோஸ்லின் டீச்சர் கேட்டது இருபத்தி நாலு வயர் கூடை,
உள்ளங்கை அகலம்தான், நீலமும் வெள்ளையும்,
நெல்லிக்காய் முடிச்சு.
ஒரு லட்டு, ஒரு சாத்துக்குடி கொள்ளணும், போதும்.

பங்குனி பாதி. பக்கத்து வீட்டு வேம்பு
கிணற்று மூடிமேல் பூவைக் கொட்டுகிறது,
துவைக்கிற கல்மேல், பிரித்துப் போட்ட வயர்மேல்.
முடிச்சுக்குள் பூ சிக்கினால் எடுப்பதில்லை நான்.
காய்ந்து அதுவாக உதிரும்.

அயனாவரத்தில் இந்தக் கொல்லை
எட்டடிக்குப் பதினாலு.
அதற்குள் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை,
ஓட்டை விழுந்த சின்டெக்ஸ் தொட்டி,
தொட்டிக்குப் பின்னால் சாயங்காலம் தவறாத கீரி,
எந்நேரமும் பாகப்பிரிவினைப் பேச்சோடு
ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள்.
மெட்ரோவுக்குத் துளைக்கிற மெஷின்
பூமிக்கடியில் உறுமும்போது
துணிக்கொடி லேசாக நடுங்கும்.
ஓணான் மட்டும் தலையை ஆட்டி
சரி சரி என்று கேட்டுக்கொள்ளும்.

இருபத்தி நாலாவதை அந்தக் கொடியில்தான் மாட்டினேன்.
அடி முடிந்து நாலு வரிசை ஏறியிருந்தது,
மீதி வயர் தொங்கியபடி.
குக்கர் மூன்றாவது விசில் அடித்தது, உள்ளே போனேன்.
பிறகு கரண்ட் பில்,
பிறகு இரண்டு நாள் காய்ச்சல்.

திரும்பி வந்தால்
தொங்கிய வயர் நுனியில் ஏதோ அழுக்கு.
ஒட்டடை என்று துடைப்பத்தை எடுத்தேன்.
ஒட்டடைதான்.
அதை அலகில் கொண்டுவந்து ஒட்டிக்கொண்டிருந்தாள்
கட்டைவிரல் அளவு தேன்சிட்டு,
வெளிறிய மஞ்சள் வயிறு, வளைந்த ஊசி வாய்.

துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் வேலையை நான் பார்த்த மாதிரி
என் வேலையை யாரும் பார்த்ததில்லை.
சிலந்தி நூல், முருங்கைப்பட்டைத் தூள், புழு எச்சம்,
தினசரிக் காலண்டரின் ஒரு கிழிசல்,
அதில் ராகுகாலம் மட்டும் படிக்கக் கிடைத்தது.
முடிச்சை எங்கே போடுகிறாள் என்று
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினேன்.
முடிச்சே இல்லை.
ஒட்டுகிறாள். உள்ளே போய் நெஞ்சால் தள்ளுகிறாள்.
ஒரு பை வயிறு வீங்கி வருகிறது.
வாசலுக்குமேல் சின்னதாக ஒரு சன்ஷேடு வேறு.

அவளுடைய ஆள், ஊதா பளபளக்க,
தயாளனின் பைக் கண்ணாடியில் உட்கார்ந்து
உள்ளே இருக்கிற இன்னொருத்தனோடு ஓயாத சண்டை.
அலகு தேய்ந்துவிடும் பாவம் என்று
இரண்டு கண்ணாடிக்கும் சாக்ஸ் மாட்டினார் தயாளன்.
கழற்ற மறந்து ஆபீஸ் கிளம்பி
ஓட்டேரி சிக்னலில் அகப்பட்டார்.
"குருவிக்காக சார்" என்றதற்கு
ஊதச் சொன்னாராம் போலீஸ்காரர்.

டீச்சருக்கு போன் போட்டேன்.
ஒரு கூடை குறையும், காரணம் இன்னது.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"முட்டை வெச்சிருச்சா?"
"தெரியலை டீச்சர், உள்ளயே உக்காந்திருக்கு."
"அப்ப அதை அசைக்காதே. வேற ஒண்ணு போடு."

நீலம் தீர்ந்துவிட்டிருந்தது.
பாரிமுனைக் கடையில் அதே நீலம் வர
சித்திரை பாதி ஆகிவிடுமாம்.
வீட்டில் மிச்சம் இருந்தது மாம்பழ மஞ்சள்.
போட்டேன்.
இருபத்தி மூன்று நீலத்துக்கு நடுவே
அது அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருக்கிறது.
ரொம்பப் பிடித்துப்போய்
கைப்பிடியை மட்டும் பின்னாமல் நாளைக் கடத்துகிறேன்.

துணியெல்லாம் இப்போது மாடியில் காய்கிறது.
இன்று பதினோரு மணிக்கு மெஷின் உறுமியது,
கொடி நடுங்கியது,
சன்ஷேடுக்குக் கீழே ஒரு அலகு மட்டும் எட்டிப் பார்த்தது.
தரையை, ஓணானை, என்னை.
பிறகு உள்ளே போய்விட்டது.

நானும் மஞ்சளை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.