ஓகஸ்ட் மாதப் பலகை

ஈரத்துணியால் யூலையைத் துடைக்கிறேன்.
போகமாட்டேன் என்கிறது.
"பறைப் பயிற்சி, சனி" என்பதன் வால்
கறுப்புக்குள் வெள்ளையாய் நெளிந்து கிடக்கிறது.
கிடக்கட்டும். அதன் மேலேயே எழுதுகிறேன்.

2, வெள்ளி. படம். இரவு எட்டரை.
நுழைவு இலவசம், நுளம்புத்திரி உங்களுடையது.
முதலில் ஏழு மணி என்றுதான் போட்டிருந்தேன்.
காத்தான்குடியிலிருந்து ஜெஸீமா அழைத்தாள்:
"இஷா தொழுதுட்டு வாற எங்களுக்கு
படத்தின்ட வால்தான் மிஞ்சும்,
தலைய ஆரு சொல்லித் தருவா?"
அழித்து எழுதினேன். அழித்த ஏழு இன்னும் தெரிகிறது.
யாராவது ஏழுக்கே வந்தால்
கதிரை இறக்க ஆள் கிடைக்கும்.
கச்சான் காற்று திரைச்சீலையைத் தூக்கினால்
கதாநாயகியின் கன்னம் அலையும்.
அது படத்தின் பிழை அல்ல.

4, ஞாயிறு. ஆடி அமாவாசை.
மாமாங்கத்துக்குப் போன கால்கள்
அன்றைக்கு வேறெங்கும் போகா.
மண்டபம் பூட்டு.

10, சனி. செல்வின் அந்திராதோவும் தங்கைமாரும். கப்ரிஞ்ஞா.
பிடில் வாசிப்பவர்தான் மேடைப் பலகையையும் அறைந்தவர்.
எந்த ஆணி தலை நீட்டி நிற்கிறதென்று
அவர் காலுக்குத் தெரியும்.
கூட ஆட விரும்புவோர் சப்பாத்துடன் வரவும்.

17, சனி. வடமோடி. விடிய விடிய
என்று எழுதிவிட்டு, ஒரு "விடிய"வை வெட்டினேன்.
அருச்சுனனாய் வரும் தவேந்திரராசாவுக்கு
நாலு ஐம்பது கல்முனை பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் வேலை.
ஆகவே போர் மூன்று மணிக்குள் முடியும்.
பாசுபதம் கேட்டுத் தவம் இருப்பதைக்
கொஞ்சம் சுருக்கிக்கொள்வதாய்
அண்ணாவியார் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

புதன்தோறும் சைகைமொழி வகுப்பு.
ஆசிரியர் ஒரு சொல்லும் பேசமாட்டார்.
அயலவர்கள் சத்தம் என்று முறையிட்டது
இந்த வகுப்பைப் பற்றித்தான்.
அவ்வளவு சிரிப்பு.

24, சனி. அக்கரைப்பற்று றிஸ்மினாவின் முதற் படம்,
பதினொரு நிமிடம்.
வாப்பாவின் பேக்கரியில் எடுத்தது.
முகம் காட்டக்கூடாது என்றாராம் வாப்பா.
அதனால் படம் முழுக்கக் கைகள்.
மாவு, கை, நெருப்பு, கை,
விடியற்காலைக் காசை எண்ணும் கை.
போன கிழமை தனியே இருந்து பார்த்தேன்.
எந்தக் கை வாப்பாவுடையது என்று
எட்டாம் நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.
இதை அவருக்கு யாரும் சொல்லவேண்டாம்.

வெளியூரிலிருந்து வருவோர் கேட்கிறார்கள்,
பாடும் மீனுக்கு நிகழ்ச்சி இல்லையா என்று.
மீன்கள் இன்னும் விண்ணப்பம் தரவில்லை.

இந்தக் கட்டடம் முதலில் நெல்லுக்கு.
கடல் வந்த வருடம்
அரிசிக்கும் கூடாரத் துணிக்கும்.
அப்போதும் இதே சுவரில் பட்டியல் ஒட்டினார்கள்.
பெயர், வயது, எந்த ஊர்.
கல்லடிச் சனம் முழுக்க
மேலிருந்து கீழே விரல் வைத்து வாசித்தது.
விரல் நின்ற இடத்தில் ஆளும் நின்றது.

இப்போதும் சிலர் விரல் வைத்தே வாசிக்கிறார்கள்.
படத்தின் பெயரை, நேரத்தை.
சோக் அழிகிறது.
திரும்ப எழுதுகிறேன். யாரிடமும்
தொடாதீர்கள் என்று சொல்வதில்லை.

22, வியாழன். அதை வெறுமையாய் விட்டிருந்தேன்.
ஒலிபெருக்கி திருத்தக் கொடுத்திருக்கிறது.
மறுநாள் கதவு திறக்க வந்தால்
பலகையின் அடியில், என் சோக் துண்டாலேயே,
கை எட்டிய உயரத்தில்:
"22 எங்கட நாடகம. 5 மணி. மைக் வேணாம. யானை வரும்."

உயரத்தைப் பார்த்தால் மூன்றாம் ஆண்டு.
விட்ட புள்ளிகளை வைக்கச் சோக்கை எடுத்தேன்.
வைக்கவில்லை.
கதிரை வாடகைக்காரர் குணநாயகத்தை அழைத்தேன்.
வியாழனும் ஐம்பது கதிரை வேணும்.
"என்ன நிகழ்ச்சிகா?"
யானை வருதாம்.
கொஞ்ச நேரம் லைனில் ஒன்றுமில்லை.
"அப்ப எழுபது ஏத்திறன்."